பிஸ்தாவின் காலை மாத்திரை

அல்சூர்
9 ஜூன் 2024, ஞாயிறு

டிரேவருக்கு,

இந்த வாரம் உங்கள் முறை. பிஸ்தாவை என் தம்பி அமலின் ஆட்டோவில் அனுப்பியிருக்கிறேன். போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் நமக்குச் சண்டை வந்துவிடுகிறது என்று அவன் போட்ட சட்டம் இது. எதுவானாலும் காகிதத்தில் எழுதி நாயின் பையில் போட வேண்டுமாம். “எழுதறப்போ கத்த முடியாதுல்லக்கா” என்கிறான். என் எழுத்தை அவன் படித்ததில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு காதும் சிவந்து, வயிற்றில் முடி கொட்டி, பாதத்தைக் கடித்துக் கடித்துப் புண்ணாக்கிக்கொண்டானே, அது கடுமையான அலர்ஜி என்று டாக்டர் ஷோபா சொல்லிவிட்டார். கோழி மேல்தான் அவருக்குச் சந்தேகம். ஆனால் முதலில் அரிப்பை அடக்கினால்தான் சாப்பாட்டை மாற்றிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமாம். அதுவரை ஸ்டீராய்டு மாத்திரை. அதற்காகத்தான் போன வாரமும் இங்கேயே வைத்துக்கொண்டேன், இரண்டு வாரமாகக் கொடுத்து வருகிறேன்.

தினமும் காலையில், வயிற்றில் ஏதாவது விழுந்த பிறகு, ஒன்று. உங்களுக்குத் தோன்றினபடி நிறுத்தக் கூடாது. நிறுத்தும் காலம் வந்தால் டாக்டர் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். கோழி எந்த ரூபத்திலும் ஆகாது. எலும்பு, குழம்பு, பிரியாணிக்கு அடியில் ஒட்டியிருக்கும் சோறு எல்லாம் அதில் சேர்த்தி. “நான் போடலை, அவனே எடுத்துக்கிட்டான்” என்ற பதிலும் வேண்டாம்.

ஜோவிதா

*

விவேக் நகர்
16 ஜூன், ஞாயிறு

அன்புள்ள ஜோவிதாவுக்கு,

நலம். நீ நலமா என்று கேட்கலாமா கூடாதா என்று அரை மணி நேரம் யோசித்தேன். கேட்டுவிட்டேன்.

ஏழு மாத்திரையும் ஏழு நாளும் போய்ச் சேர்ந்தன. பிஸ்தா சொறிவதையே மறந்துவிட்டான். ஆனால் குடிக்கிறான் ஜோவிதா, அப்படிக் குடிக்கிறான். ஒரு குண்டான் தண்ணீரை மூச்சு விடாமல் காலி செய்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்க்கிறான். பிறகு கதவைப் பார்க்கிறான். நான் செருப்பைத் தேடுவதற்குள் வேலை முடிந்துவிடுகிறது. வியாழக்கிழமை சர்ச்சில் நவநாள் ஜெபக் கூட்டத்தில், கோயில் வாசலில் மெழுகுவர்த்தி விற்கும் அம்மாவின் கூடையைக் குறிவைத்துக் காலைத் தூக்கினான். நான் குறுக்கே போய் நின்றேன். என் பேன்ட் போனது, மெழுகுவர்த்தி பிழைத்தது. அந்த அம்மா எனக்காக ஒன்றை ஏற்றி வைத்தாள்.

பசியும் அப்படித்தான். சாப்பிட்டு முடித்த தட்டை நக்கியே வாசல் வரை தள்ளிக்கொண்டு போகிறான். உன் தம்பியின் ஆட்டோ சீட்டில் ஒரு மூலையைக் காணவில்லை என்று உனக்குச் செய்தி வந்திருக்கும்.

எனக்கு ஒரு பயம். எனக்கு மேல் மாடியில் இருக்கும் க்ளென் ஜிம்முக்குப் போகிறவன். மாத்திரைப் பெயரைச் சொன்னதும், “ஸ்டீராய்டா? அங்கிள், எங்க ஜிம்ல ஒருத்தன் அதைப் போட்டு கழுத்தே காணாம பூட்டான்” என்றான். அன்றிலிருந்து தினமும் பிஸ்தாவின் கழுத்துப்பட்டையை மாட்டிப் பார்க்கிறேன். இன்னும் அதே ஓட்டையில்தான் நிற்கிறது. ஆனாலும் இது நல்லதுதானா?

அன்புடன்,
டிரேவர்

*

அல்சூர்
23 ஜூன், ஞாயிறு

டிரேவருக்கு,

க்ளென் போடுவது வேறு, பிஸ்தா போடுவது வேறு. டாக்டரிடம் கேட்டேன். சிரித்து முடிக்க அவருக்கு நேரம் பிடித்தது. தாகமும் பசியும் இந்த மாத்திரையின் குணம். தண்ணீரைக் குறைக்காதீர்கள், அடிக்கடி வெளியே கூட்டிப்போங்கள். சாப்பாட்டைத்தான் அளந்து போட வேண்டும். எவ்வளவு பாவமாகப் பார்த்தாலும் அளந்துதான்.

இப்போது என் கேள்வி. உங்களிடமிருந்து வந்த மூன்றாம் நாளே இங்கே மறுபடி சொறிகிறான். அதுவும் மாத்திரை போட்டுக்கொண்டிருக்கும்போதே. நடுவில் நின்று, பின்னங்காலைத் தூக்கி, வீடே அதிர. கீழ் வீட்டில் இருக்கும் ஓனர் தமயந்தி அம்மா மேலே வந்து, “யாரும்மா தச்சு வேலை செய்றது?” என்றார். போன வாரம் அங்கே என்ன கொடுத்தீர்கள்? விவேக் நகரில் ஞாயிற்றுக்கிழமை எந்த வீட்டில் என்ன கொதிக்கும் என்று எனக்குத் தெரியாதா?

“ஏழும் போய்ச் சேர்ந்தன” என்று நீங்கள் எழுதியதை நம்புவதா என்றும் யோசிக்கிறேன். பொம்மசந்திரா ஃபாக்டரி வேலை போன பிறகும் மூன்று மாதம் காலை ஏழு மணிக்கு டிபன் பாக்ஸோடு கிளம்பிப் போனவர் நீங்கள். நான் கட்டிக்கொடுத்த தயிர் சாதத்தைப் பார்க் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் வந்து “இன்னிக்கி லைன்ல ஒரே டென்ஷன்” என்றீர்கள். வேலை போனதற்கு நான் ஒரு வார்த்தை சொன்னேனா? எல்லாவற்றையும் நானே கண்டுபிடிக்க வேண்டியிருந்ததே, அதற்குத்தான் பெட்டியைக் கட்டினேன்.

மாத்திரை இன்னும் மூன்று வாரம். நிறுத்தக் கூடாது.

ஜோவிதா

*

விவேக் நகர்
28 ஜூன், வெள்ளி

அன்புள்ள ஜோவிதாவுக்கு,

ஞாயிறு வரை காத்திருக்க முடியவில்லை. அமலைக் கூப்பிட்டு இதைக் கொடுத்தனுப்புகிறேன். முதலில் ஒன்று: பிஸ்தா நன்றாக இருக்கிறான். இப்போது என் காலடியில்தான் படுத்திருக்கிறான். இதை நினைவில் வைத்துக்கொண்டு மீதியைப் படி.

திங்கட்கிழமையிலிருந்து நான் மாத்திரை கொடுக்கவில்லை.

முதல் வாரம் ஏழும் கொடுத்தேன், அது சத்தியம். இந்தத் தடவை அவன் குடிக்கிற குடியைப் பார்த்து எனக்கு மனம் கேட்கவில்லை. நாயின் சிறுநீரகத்தையே கெடுத்துவிடுகிறோமோ என்று நானே ஒரு டாக்டராகிவிட்டேன். நான்கு மாத்திரையையும் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன். நேற்றுக் காலை கூப்பிட்டேன், எழுந்திருக்கவில்லை. பாங்கடா மீனைக் காட்டினேன், தலையைத் திருப்பிக்கொண்டான். பிறகு வாந்தி எடுத்தான். மீன் வேண்டாம் என்கிற பிஸ்தாவை நீ பார்த்திருக்கிறாயா? எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கூரியர் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, இருபத்தெட்டு கிலோவையும் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன்.

டாக்டர் ஷோபா பரிசோதித்துவிட்டு, “மாத்திரை ஒழுங்கா போச்சா?” என்றார். வாய் வரைக்கும் ‘போச்சு மேடம்’ வந்தது. பிஸ்தா மேசையில் படுத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். “இல்ல மேடம், நான் நிறுத்திட்டேன்” என்றேன்.

அப்புறம் கிடைத்ததுதான் டோஸ். கன்னடத்தில் ஆரம்பித்து, தமிழுக்கு வந்து, ஆங்கிலத்தில் முடித்தார். இத்தனை நாள் வெளியிலிருந்து மருந்து போனதால், உடம்பு தான் சுரப்பதைக் குறைத்துக்கொண்டிருக்குமாம். மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் இரண்டும் இல்லாமல் ஆள் விழுந்துவிடுவானாம். “இன்னும் ஒரு நாள் உட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு தெரியுமாரீ உங்களுக்கு?” என்றார். குளுக்கோஸ் ஏற்றி, ஊசி போட்டு, சாயங்காலம்தான் விட்டார். இன்று காலை மாத்திரையைக் கொடுத்துவிட்டேன். தட்டை வாசல் வரை தள்ளிவிட்டான்.

இன்னொன்றும் கேட்டார். “நாலு நாள் மாத்திரை இல்லாம இருந்தும் சொறியலயே, என்ன குடுத்தீங்க?” சோறும் பாங்கடாவும் என்றேன். எனக்குச் சமைக்கத் தெரிந்ததே அதுதான். “அப்போ அந்த வீட்ல என்ன குடுக்கறாங்க?” என்றார். “மேடம், அவ கோழிப் படம் போட்ட பேப்பரைக்கூட உள்ள விட மாட்டா” என்றேன்.

உன்னிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நானாகவே எழுதுகிறேன். நீ என்ன முடிவு செய்தாலும் சரி.

டிரேவர்

*

அல்சூர்
29 ஜூன், சனி

அன்புள்ள டிரேவருக்கு,

முதல் பக்கத்தைப் படித்துவிட்டு உங்களைத் திட்டுவதற்கு ஒரு தாள் எடுத்தேன். அரைத் தாள் நிரம்பியது. பிறகு உங்கள் கடைசிப் பக்கத்தைப் படித்தேன். அரைத் தாளைக் கிழித்துப் போட்டேன்.

பிஸ்தா என்னிடம் மாத்திரை சாப்பிட மாட்டான். வாழைப்பழத்தில் வைத்தால் பழம் போகும், மாத்திரை தரையில் கிடக்கும். சீஸில் வைத்தாலும் அதே கதை. வேலைக்கு நேரமாகிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் கறிக்கடைக்காரர், “ஈரல்ல வெச்சுக் குடுங்கக்கா, லபக்குன்னு போயிடும்” என்றார்.

கோழி ஈரல், டிரேவர்.

லபக்கென்றுதான் போனது. தினமும் ஒன்று. ஈரல் கறியில் சேராது, அது மருந்துக்கான உறை மட்டும்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோழி எந்த ரூபத்திலும் ஆகாது என்று உங்களுக்குப் பெரிதாக எழுதினேனே, அந்தக் கடிதத்தை எழுதிய அன்றும் கை கழுவிவிட்டுத்தான் பேனா எடுத்தேன். தமயந்தி அம்மா தச்சு வேலை என்றபோது நான் உங்கள் பிரியாணியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

இன்று டாக்டரிடம் போய் நானே சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “ஒருத்தர் மருந்தை நிறுத்துறாரு, இன்னொருத்தர் வியாதியிலயே மருந்தைச் சுத்திக் குடுக்கறாங்க. இந்த நாய் உயிரோட இருக்கறதே பெருசு” என்றார்.

இனி எட்டு வாரம் ஒரே வீடு, ஒரே சாப்பாடு. அங்குமிங்கும் அனுப்பக் கூடாது என்பது அவர் உத்தரவு. எந்த வீடு என்று அவர் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். உங்களிடம்தான் அவன் சொறியவில்லை. உங்களிடமே இருக்கட்டும்.

மாத்திரையை மட்டும் நான் வந்து கொடுக்கிறேன். வேலைக்குப் போகும் முன் காலை ஏழரைக்கு வருவேன். உங்களை நம்பாமல் இல்லை. என்னை அவன் மறந்துவிடுவானோ என்றுதான்.

நீங்களாகவே எழுதினீர்கள். படித்தேன்.

ஜோவிதா

*

விவேக் நகர்
1 செப்டம்பர், ஞாயிறு காலை

டிரேவர்,

தூங்குகிறீர்கள், எழுப்பவில்லை. இதை ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போகிறேன்.

பிஸ்தாவுக்குச் சாப்பாடு போட்டாயிற்று. போடவேயில்லை என்பது போல முகத்தை வைத்துக்கொள்வான், ஏமாறாதீர்கள். கடைசி அரை மாத்திரை திங்கட்கிழமையோடு முடிந்தது, இனி ஒன்றும் கிடையாது. வயிற்றில் முடி முளைத்துவிட்டது. காலையில் திருப்பிப் போட்டுப் பார்த்தேன், தானும் பெரிய பிஸ்தாதான் என்பது போல நாலு காலையும் விரித்துக் காட்டினான்.

அமலோடு அல்சூர் போகிறேன். பீரோவும் தையல் மிஷினும் மட்டும்தான் பாக்கி. மத்தியானத்துக்குள் வந்துவிடுவோம். மாடிப்படியில் ஒரு கை பிடிக்க க்ளெனைச் சொல்லி வையுங்கள், அந்த உடம்பு எதற்காவது உதவட்டும்.

நேற்றுச் சாவியைப் பற்றிப் பேசப் போனபோது தமயந்தி அம்மா ஏன் காலி செய்கிறேன் என்று கேட்டார். “நாய்க்குப் பத்தியம்மா, அங்கதான் இருக்கணும்” என்றேன். “பத்தியம் முடியலையா இன்னும்?” என்றார். “போன வாரமே முடிஞ்சிடுச்சு” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். “அப்புறம் ஏம்மா போற?” என்றார்.

நாளைக்குச் சாவி தருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவர் கேள்விக்கு உங்களுக்கு ஏதாவது பதில் தோன்றினால் எழுத வேண்டாம். நான் வந்ததும் வாயாலேயே சொல்லுங்கள்.

ஜோவிதா