அண்ணன் பெயரில் வந்த தாள்

மார்ச் 3
விபத்தில் அண்ணன் போன பிறகு பூட்டியே கிடந்த அவனுடைய ஆபீஸை இன்று திறந்தோம். வீடுகளுக்கு பிளான் போடும் வேலையை இனி அண்ணியே பார்த்துக்கொள்வாராம். பழைய கணினியைத் துடைத்து லினக்ஸ் ஏற்றினேன். இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் பதியும். கடவுச்சொல் இல்லாமல் திறந்தால் வெறும் குப்பைதான் தெரியும். அண்ணி நீளமாக ஏதோ தட்டினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு இருக்குமா?"

"இருக்கும் அண்ணி."

அதற்கு ஏன் அப்படிச் சிரித்தார்?

மார்ச் 5
பிரிண்டர் உயிரை வாங்கிவிட்டது. ஒருவழியாக வைஃபையில் இணைத்தேன்.

மார்ச் 9
சாப்பிட்டுவிட்டு வந்தால் பிரிண்டரில் ஒரு தாள். ஏதோ ஒரு வீட்டின் பிளான், பாதி. அச்சு வரிசையைப் பார்த்தேன் — அனுப்பியவர் இடத்தில் அண்ணன் பெயர். இந்தக் கணினியில் அப்படி ஒரு கணக்கை நான் உருவாக்கவே இல்லையே!

மார்ச் 10
இன்றும். அதே வீடு, கூடுதலாக ஒரு அறை. அச்சு அசல் அண்ணன் கை. ஆனால் அந்த அறைக்குக் கதவில்லை, ஜன்னலில்லை. அவன் எதை மறந்தாலும் கதவை மறக்கமாட்டான்.

"அண்ணி, இது யாரு வீடு?"

"கட்டப் போறவங்க வீடு." தாளை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மார்ச் 12
எங்கிருந்து வருகிறது என்று பதிவுகளைத் துழாவினேன். அண்ணன் பிளான் வரைந்த டேப்லெட்! அது காரோடு நொறுங்கிவிட்டது என்று அண்ணிதானே சொன்னார்? பயத்தில் வைஃபை பெட்டியின் வயரைப் பிடுங்கினேன். பக்கத்து அறையிலிருந்து அண்ணி ஓடிவந்தார், கையில் டேப்போடு.

"ஏன்டி புடுங்கின? போடு!"

என்னை அவர் 'டி' போட்டதே இல்லை.

"அண்ணி... நீங்களா வரையறீங்க?"

"பின்ன யாரு? இத்தனை வருஷம் பக்கத்துல உக்காந்து பார்த்த கைதானே?"

"கதவு?"

"எதுக்கு? உள்ள வந்தா மறுபடி வெளிய போகக் கூடாது உங்க அண்ணன்."

மார்ச் 13
"இந்த டேப் உடைஞ்சுட்டா பிளானும் போயிடுமே!" என்று அண்ணி அழுதார். பிளானை டிஸ்க்கில் ஏற்றிக் கொடுத்தேன். மாலையில் மனசு கேட்காமல் அழிக்கப் போனேன். இங்கே அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் போய்விடும் — விரல் வரவில்லை.

ஏப்ரல் 20
அண்ணியின் மனையில் சுவர் இடுப்பளவு எழும்பிவிட்டது. மேஸ்திரி பிளானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த ரூமுக்கு வழி எங்கம்மா விடறது?"

அண்ணி என்னைப் பார்த்தார்.

"வேண்டாம். அடைச்சே கட்டிடுங்க."

சொன்னது நான்தான்.