மண்டப வாசலில் திரும்பிப் போனவன்

உப்பளம்,
புதுச்சேரி.

அன்பு மகள் கார்குழலிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், தோகாவில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் நினைப்பு. உன் தம்பி வெற்றிவேலின் நிச்சயதார்த்தப் படங்களைப் பார்த்திருப்பாய். நீ வராததற்கு, வெளிநாடு போனதும் பெண்ணுக்குத் தலைக்கனம் வந்துவிட்டதா என்று நாலு பேர் கேட்டார்கள். ஆஸ்பத்திரியில் லீவு கிடைக்கவில்லை, நர்ஸ் வேலை என்றால் சும்மாவா என்று எல்லோரிடமும் மல்லுக்கு நின்றேன்.

ஆனால் அதே நாளில் நான் செய்த காரியத்தைக் கேள். மில்லில் என்னோடு முப்பது வருஷம் ஒரே ஷிப்ட் பார்த்த கோவிந்தசாமி மாமா மண்டப வாசல் வரை வந்தான், போனில் ஏதோ பேசினான், நான் கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பார்க்காமல் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். அவன் மகளை நம் வெற்றிவேலுக்கு எடுக்கவில்லை என்ற வயிற்றெரிச்சல்தான் என்று உன் சித்தி சொன்னாள், நானும் அப்படியே நம்பினேன். மூன்று வாரம் அவன் தெருப்பக்கமே போகவில்லை. கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வேண்டாம் என்றுகூட அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

போன ஞாயிறு வைத்திக்குப்பத்தில் மீன் வாங்கப் போன இடத்தில் அவன் மனைவி கன்னியம்மாளைப் பார்த்தேன். உங்க வீட்டுக்காரர் பெரிய ஆளாகிவிட்டாரே என்று குத்தலாகக் கேட்டேன். அது தலையைக் குனிந்துகொண்டு, "சேதராப்பட்டு நாத்தனார் செத்துட்டாங்கண்ணே. உங்க நிச்சயத்தன்னிக்குத்தான். பதினாறாம் நாள் காரியமும் முடிஞ்சிடுச்சு" என்றது. வீட்டில் மீனைப் போட்டுவிட்டு அப்படியே அவனிடம் ஓடினேன்.

என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். தீட்டோடு எப்படி மண்டபத்தில் கால் வைப்பது, நல்ல காரியத்தில் நிற்பவன் காதில் சாவுச் செய்தியை எப்படிப் போடுவது என்றான். "ஒம் மூஞ்சியப் பாத்தா அழுதுடுவேன்டா, அதான் திரும்பல" என்றான்.

துக்கத்துக்கு நான் வரவில்லையே, கோபமில்லையா என்று கேட்டேன். "நிச்சயத்துக்கு அலைஞ்சதுல ஒடம்பு முடியாம படுத்துட்டேன்னு நெனச்சேன். நல்லா இருந்தா மொத ஆளா வந்திருப்பியே" என்றான். கன்னியம்மாள் உள்ளேயிருந்து என்னைப் பார்த்தது. ஆமாம்டா, உடம்புதான் முடியவில்லை என்று நானும் தலையாட்டிவிட்டேன் அம்மா. அவன் உடனே எழுந்து எனக்குக் காபி போடச் சொன்னான், சர்க்கரை குறைவாக.

மாமாவுக்குப் போன் செய்து துக்கம் விசாரி, மறந்துவிடாதே. என் உடம்பு எப்படி இருக்கிறது என்று உன்னிடமும் கேட்பான். தேவலை என்று சொல். நோய் நொடி இல்லாமல், மனசு நிறைந்து நீ நன்றாக இருக்க வேண்டும் கண்ணு.

உன் அப்பா,
அரிகிருஷ்ணன்