நீ அனுப்பிய ஷூ

அன்பு மகளுக்கு,

தினமும் உடற்பயிற்சி செய்கிறேனா என்று ஒவ்வொரு போனிலும் கேட்கிறாய். செய்கிறேன். ஹார்பர் பஸ் வருவதற்குள் கடையைத் திறக்க வேண்டும். அதற்கு முன் அம்மாவின் இடது காலை மடக்கி நீட்டுகிறேன். மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு மறுபடியும். ஞாயிற்றுக்கிழமையும் லீவு கிடையாது.

"இனி நீங்களே பாத்துக்கிடுங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு அம்மாவுக்குப் பயிற்சி கொடுக்க வந்த பிசியோ பிள்ளை வருவதை நிறுத்திவிட்டாள்.

நேற்று அம்மாவுக்குக் கோபம். "விடுங்க. மரக்கட்டையப் போயி எதுக்கு மடக்குதிய?"

நான் விடவில்லை.

அம்மாவுக்குப் பக்கவாதம் வருமுன், முத்துநகர் பீச்சில் நாங்கள் நடப்பதற்காக நீ அனுப்பிய ஷூவில் என்னுடையது பெட்டியில் கிடக்கிறது. அவளுடையதைத் தினமும் மாட்டிவிடுகிறேன், படுத்த இடத்தில் பாதம் தொங்கிவிடாமல் இருக்க. மாதக்கணக்காகப் போட்டும் அடியில் ஒரு பொடி மணல் ஒட்டவில்லை.

இப்படிக்கு,
அப்பா