மகன் இருக்கிறான் என்று எழுதிய மனு

அக்கா,

இன்று கடையில் ஸ்டாம்ப் பேடைத் திறந்ததும் அந்த மை வாசனை. முதியோர் பென்ஷன் மனுக்களுக்குக் கைநாட்டு வாங்க, பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு நீங்கள் பையில் போட்டு வந்த வாசனை. நீங்கள் கண்ணை மூடி இரண்டு வருடம் ஆகிறது.

அப்போது எனக்குக் கடை இல்லை. சந்தையில் தார்ப்பாய் விரித்து பிளாஸ்டிக் வாளி விற்றேன். கையெழுத்து திருத்தமாக இருக்கிறதென்று மனு எழுத உட்கார வைத்தீர்கள். கூட்டம் சேர்ந்தால் நாலு வாளி போகும் என்றுதான் ஒப்புக்கொண்டேன். உங்களுக்கும் அது தெரியும்.

வளர்ந்த மகன் இருந்தால் பென்ஷன் கிடையாது என்பது அன்றைய விதி. கீழ்க்கட்டளை இட்லிக்காரம்மாவுக்கு மகன் உண்டு, பெருங்களத்தூரில் தனிக்குடித்தனம். ஒரு வேளை சோறு போட்டதில்லை. என்னுடையது வியாபாரி மூளை. ‘மகன் இறந்துவிட்டார்’ என்று எழுதி, அந்த அம்மாவிடம் சொல்லாமலே கைநாட்டு வாங்கினேன். அதிகாரி அதை உரக்கப் படித்ததும் அந்த அம்மா கொதித்துவிட்டார்.

“யாரு செத்தது? எம்புள்ள குத்துக்கல்லாட்டம் கீறான். எந்தக் கட்டையில போறவன் எழுதினது?”

மனு தள்ளுபடி. வெளியே வந்ததும் நீங்கள் சத்தம் போடவில்லை.

“பாய், மவன் செத்தாதான் சோறுன்னு சொல்ற சட்டத்துக்கு, நீங்களே பொணத்தைத் தூக்கிக் குடுக்கறீங்க. இருக்கான், சோறு போடலைன்னு எழுதுங்க. எல்லாரும் அப்டியே எழுதினா ஒரு நாள் பதில் சொல்லித்தானே ஆவணும்?”

எழுதினோம். திரும்பி வந்தது. மறுபடி எழுதினோம். வருடக்கணக்கில் ஆபீஸ் வாசல் வெயிலில் உட்கார்ந்தோம். விதி தளர்வதற்குள் இட்லிக்காரம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். என் பொய்யை முன்கூட்டியே அவர் காதில் போட்டிருந்தால் பென்ஷன் கிடைத்திருக்குமோ என்று இன்றும் தோன்றுகிறது. உங்களிடம் கேட்க வாய் வரவில்லை. அந்த வாரம் நீங்களும் சந்தைக்கு வரவில்லை.

இப்போது மகன் இருந்தாலும் தருகிறார்கள். அவன் கவனிப்பதில்லை என்று எழுதித் தர வேண்டும். அலைச்சல் மட்டும் குறையவில்லை. சலிப்பாக இருக்கிறது, அக்கா. ஆனாலும் ஒவ்வொரு மனுவையும் படித்துக் காட்டாமல் கைநாட்டு வாங்குவதில்லை.

நேற்று ஓர் அம்மா, நான் படித்ததைக் கேட்டுவிட்டு, “சோறு போடலைன்னு வாணாம் பாய். அவன் பேரு கெட்டுப்பூடும்” என்றார்.

“வேற எப்படி எழுதட்டும்? நீங்களே சொல்லுங்கம்மா.”

அவர் யோசித்துக்கொண்டே இருந்தார். வாளி வாங்க வந்த இரண்டு கிராக்கி காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். போகட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.