எண் மூன்று கை தூக்குகிறது

செவ்வாய்க் கோள், வடக்கு ஆய்வு நிலையம்
பதிவு: இந்துமதி, உயிரியல்
(குட்டி பொரித்ததிலிருந்து நாள் கணக்கு)

நாள் 2. 08:10

மூன்று தாடி ஓணான் முட்டைகளில் ஒன்றுதான் பொரித்தது. மாதிரி எண் மூன்று. வாலோடு சேர்த்து என் உள்ளங்கை நீளம். ஈர்ப்பு குறைந்த இந்த மண்ணில் எலும்பு எப்படி வளர்கிறது என்று பார்ப்பதற்காக அனுப்பியிருக்கிறார்கள். என்னோடு இங்கே இருக்கும் மற்ற இருவரும் தெற்கு நிலையத்துக்குப் போயிருப்பதால் வளர்ப்பு என் தலையில். என் துறை பாசி. ஓணானைப் பற்றிக் கையேட்டில் உள்ளது மட்டுமே தெரியும்.

கண்ணாடிப் பெட்டியின் ஒரு முனையில் சூட்டு விளக்கு, அதன் கீழே ஒரு கல். மறுமுனை குளிர்ச்சியாக இருக்க வேண்டும். எங்கே இருப்பது என்று குட்டியே முடிவு செய்யும். பெட்டியோடு வந்த வெப்பமானி கண்ணாடியில் ஒட்டியிருந்தது. அது கண்ணாடியின் சூட்டைத்தான் சொல்லும். பிடுங்கிவிட்டுக் கல்லின் மேலேயே அளந்தேன். 41 டிகிரி. போதும். மணல் கூடாது, விழுங்கிவிடும். தரைக்கு வெறும் காகிதம்.

ரூபன், மேலே கோளைச் சுற்றும் கலத்தின் தொடர்பாளர், தூத்துக்குடிக்காரர்: "மேடம், ஊர்ல ஓணானைக் கண்டா கல்லத் தூக்கிட்டு ஓடுவோம். நீங்க லைட்டு போட்டு வளக்கிறிய. பேர் வச்சாச்சா?"

வைக்கவில்லை என்று பதில் அனுப்பினேன்.

நாள் 5. 09:30

இரைக்காக வளர்க்கும் சில்வண்டுகளில் சிறியவற்றையே பொறுக்கிக் கொடுக்கிறேன். குட்டியின் இரு கண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைவிட இரை பெரிதாக இருக்கக் கூடாது. கால்சியம் தூளில் புரட்டிப் போட்டேன். பதினொன்று தின்றது.

நான் குனிந்தால் ஒரு முன்னங்காலைத் தூக்கி மெதுவாகச் சுழற்றுகிறது. ரூபன் படத்தைப் பார்த்துவிட்டு, "டாட்டா காட்டுது மேடம்!" என்றார். இல்லை. தன்னைவிடப் பெரிய ஓணானிடம் "நான் சின்னவன், விட்டுவிடு" என்று சொல்லும் சைகை அது.

இந்த அறையின் அசைவு உணரி பற்றி மறுபடியும் புகார் எழுதினேன். இருபது நிமிடம் அசைவு தெரியாவிட்டால் ஆளில்லை என்று விளக்கையும் சூட்டையும் நிறுத்திவிடுகிறது. இதை அமைத்தவர்கள் யாரும் நுண்ணோக்கியில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள் அல்ல. இன்று நான்கு முறை இருட்டில் கை தூக்கினேன்.

நாள் 8. 10:00

குட்டி இரை எடுக்கவில்லை. காரணம் பின்பக்கக் கண்ணாடி. தன் பிம்பத்தை வேறொரு ஓணான் என்று நினைத்து விடாமல் கை தூக்கிக்கொண்டிருந்தது. வயிறு கறுத்திருந்தது, அது பயத்தின் நிறம். வெளியே கறுப்புத் தாள் ஒட்டியிருந்ததால் அது முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிட்டது. தாளை உரித்துவிட்டு உட்பக்கம் வெள்ளைத் தாளால் மறைத்தேன். ஒரு மணி நேரத்தில் தின்றது.

நாள் 13. 16:20

புழுதிப் புயல். மின்சாரம் ஐந்தில் ஒரு பங்குக்கு இறங்கிவிட்டது. நிலையம் அவசர நிலைக்குப் போய்விட்டது; இந்த ஒரு அறைக்கு மட்டுமே சூடு. அதுவும் உணரி அனுமதித்தால்.

சூரியத் தகடுகளைத் துடைக்கப் போனேன். ஏணியிலிருந்து விழுந்தேன். இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருக்கிறது. தவழ்ந்து உள்ளே வந்தேன். கட்டை வைத்துக் கட்டினேன். வேறு குறிப்பு இல்லை.

ரூபன், பாதி இரைச்சலில்: "தெக்கேருந்து வண்டி கிளம்பிட்டு மேடம். புயல்ல நாலஞ்சு நாளாவது ஆவும். உணரிய இங்கேருந்து நிறுத்தப் பாக்கோம், கேக்க மாட்டேங்கு. தூங்கிராதிய, என்ன? மேடம்? தூங்கிராதிய..."

அதன் பிறகு தொடர்பு இல்லை.

நாள் 14. 11:00

உணரி கூரையில் இருக்கிறது. என்னால் எட்ட முடியாது. மின்விசிறியில் துணியைக் கட்டி ஆடவிட்டேன். ஒரே சீராக ஆடுவதை இயந்திரம் என்று ஒதுக்கிவிடுகிறது. கண் அயர்ந்தேன். விழித்தபோது சுவரில் பனி படிந்திருந்தது. குட்டி கல்லின் மேல் கறுத்துக் கிடந்தது. கை தூக்கினேன். விளக்கு வந்தது. குட்டி அசைய வெகு நேரம் ஆயிற்று.

இன்னொரு தூக்கம் வந்தால் இருவரும் எழமாட்டோம்.

நாள் 14. 13:15

பெட்டியை உணரிக்கு நேர் கீழே இழுத்து வைத்தேன். வெள்ளைத் தாளை எடுத்தேன். கறுப்புத் தாளை மறுபடியும் வெளியே ஒட்டினேன்.

பிம்பத்தைப் பார்த்ததும் கை தூக்கியது. உணரியின் பச்சைப் பொட்டு மின்னியது. இயந்திரம் அல்ல, ஆள் என்று ஏற்றுக்கொண்டது.

நான் செய்வது என்ன என்று தெரியும். அது பயந்துகொண்டிருக்கும் நேரத்தில் நான் தூங்குகிறேன்.

நாள் 15. 15:40

முறை வைத்துக்கொண்டோம். அது விழித்திருக்கையில் நான் நாலு மணி நேரம் தூங்குகிறேன். பிறகு வெள்ளைத் தாளைச் செருகிப் பெட்டியைத் துணியால் மூடிவிடுகிறேன். அது தூங்கும். நான் கை தூக்குகிறேன். தாள் இருக்கும்போது மட்டும் தின்கிறது. ஆறு சில்வண்டு.

என் கால் விரல்களில் உணர்வு இல்லை. வலியும் குறைந்துவிட்டது. குறையக் கூடாது.

நாள் 16. 12:05

நன்றாகத் தூங்கினேன். அறை சூடாக இருந்தது. பெட்டியில் எண் மூன்று கை தூக்கியபடி நின்றது. வயிறு கறுப்பு.

மன்னித்துக்கொள் என்று சொன்னேன். சத்தமாகச் சொன்னேன். எனக்கே வினோதமாக இருந்தது.

நாள் 17. காலை

வயிறு வெளுத்திருக்கிறது. பிம்பத்தை ஒரு முறை பார்த்தது. திரும்பிப் படுத்துக்கொண்டது. பழகிவிட்டது.

மகிழ வேண்டிய செய்தி. வளர்கிறது. இனி பயப்படாது.

இனி என் முறை மட்டும்தான்.

நாள் 17. நேரம் பார்க்கவில்லை

குட்டியை எடுத்து சட்டைக்குள் கழுத்தோரம் வைத்துக்கொண்டேன். தலை மட்டும் வெளியே. ஓணானுக்குச் சொந்தச் சூடு கிடையாது. யாராவது இதைப் படித்தால்: குட்டியைத் தொட்டுப் பாருங்கள். அது சூடாக இருந்தால் அது என் சூடு. என்னையும் எழுப்புங்கள்.

குளிர்ந்திருந்தால், முதலில் அதற்கு விளக்கு. கல்லின் மேல் அளக்க வேண்டும், கண்ணாடியில் அல்ல. சிறிய இரை. மணல் வேண்டாம்.

நாள்

விளக்கு போய்விட்டது. கையைத் தூக்கச் சொல்கிறேன். கை எங்கே என்று தெரியவில்லை.

இருட்டில் தாடைக்குக் கீழே ஏதோ மெல்ல உரசியது. அல்லது நான்தான் அசைந்தேன்

விளக்கு வந்துவிட்டது.

எங்களில் யார் கை தூக்கியது