கீரிப்பாறை பஸ்ஸில் வாசித்தவனுக்கு

உலகத் தமிழர்கள் அனைவருக்கும் பணிவான அறிவிப்பு: என் வலைப்பூவுக்கு இன்று காலை ஒரு வாசகர் வருகை தந்திருக்கிறார். தீர விசாரித்ததில், அவர் நான்தான்.

நேற்றுப் போட்ட சட்டையை இன்னும் துவைக்கவில்லை. ஒட்டுப்பால் வாடை. ரப்பர் மரப்பட்டையில் காய்ந்து நாறுமே, அதே வாடைதான் எஸ்டேட்டிலிருந்து வகுப்புக்கு வரும் உன்மேலும் அடிக்கும். "ஏலே ரப்பரு, தள்ளி இரி, எனக்க மார்க்கெல்லாம் அழிஞ்சு போவும்" என்பேன். கடைசியில் அழிந்தது யார், பார்த்தாயா? ஆடி மழையில் எலிக்காய்ச்சல். நாலே நாளில் போய்விட்டாய்.

வலைப்பூ தொடங்கிய அன்று நீ கேட்டாய்: "வலையில மீன்லா விழும், பூ எப்பிடிடே விழும்? ஆருக்குல எழுதுத?"

"உலகத்துக்கு."

"உலகத்துக்குத் தமிழ் வாசிக்கத் தெரியுமா மக்கா?"

காலரைத் தூக்கிவிட்டுச் சிரித்தேன். மாவட்டத்தின் நம்பர் ஒன் நக்கல் எழுத்தாளன் என்று எனக்கு நானே பட்டம் போட்டுக்கொண்டவன் ஆயிற்றே.

நீ போன பிறகுதான் புரிந்தது. ஒரு வரியை எழுதும்போதே, சிரிப்பை அடக்கி உன் வாய் கோணுவது எனக்குத் தெரியும். கோணாத வரியை அழித்துவிடுவேன். இப்போது எந்த வரிக்கும் எந்த வாயும் கோணுவதில்லை. ஏழெட்டு முறை தொடங்கி, எல்லாவற்றையும் அழித்தேன். வலைப்பூவை மூடப்போகிறேன் என்று உன் அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடலாமென்று நேற்று சாயங்காலம் கீரிப்பாறை பஸ் ஏறினேன்.

நல்ல மழை. மழை நாளில் ரப்பர் பால்வெட்டு கிடையாதே, எஸ்டேட் பெண்கள் சந்தைக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். உன் பக்கத்து வீட்டு அக்கா என்னை ஒட்டி உட்கார்ந்தார்.

"நீ நம்ம பயலுக்க கூட்டுக்காரன்லா? கதை எழுதுத பிள்ள?"

ஆமென்று தலையாட்டினேன்.

"மழைன்னா அவன் போனப் பாத்து உனக்க கதைய எங்களுக்கு வாசிப்பான். சிரிச்சுச் சிரிச்சு எறங்குத ஸ்டாப்ப விட்டிருக்கோம்!"

இதை ஏன்டே என்னிடம் ஒருநாளும் சொல்லவில்லை?

பின் சீட்டில் ஒரு அக்கா: "அந்த விசில் கதை! பி.டி. சாரு விசில முழுங்கி, அவரு கொறட்ட விட்டாலே பிள்ளையளு ஓடிவந்து வரிசையில நிக்குமே!"

பஸ்ஸே சிரித்தது. நான் எழுதியது இவ்வளவுதான்: பி.டி. சார் விசிலை ஒளித்துவைத்தேன், மாட்டவில்லை, நான் கில்லாடி. விழுங்கியதும் இல்லை, குறட்டையும் இல்லை. அவர்கள் சொன்ன மற்ற கதைகளிலும் சிரிப்பு வந்த இடம் ஒன்றுகூட என்னுடையது இல்லை. நீ போனைப் பார்த்து வாசிக்கவில்லை மக்கா. போனைப் பிடித்துக்கொண்டு உன் கதையைச் சொல்லியிருக்கிறாய், என் பெயரில்.

"நீயே ஒண்ணு வாசி மக்கா."

வாசித்தேன், எழுதியது எழுதியபடி. ஒருவரும் சிரிக்கவில்லை. அக்கா என் கையைத் தட்டிக்கொடுத்தார். "பரவால்ல பிள்ள, துக்கத்துல இருக்க."

உன் அம்மாவிடம் மூடப்போவதைப் பற்றி வாய் திறக்கவில்லை. மூடத்தான் போகிறேனா, தெரியவில்லை. யாருக்கு எழுத என்பதும் தெரியவில்லை. உன் நாலு கதைகள் மட்டும் என்னோடு வந்துவிட்டன.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இறங்கும்போது உன் பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்: "அந்த விசில் முழுங்குனது உனக்க தலையில எப்பிடி மக்கா உதிச்சுது?"

"சும்மா தோணிச்சுக்கா" என்று சொல்லிவிட்டேன்.