சொல்லாமல் விட்ட வரி

சாவகச்சேரி
5.11.1995

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவின் பாடைக்குத் தோள் கொடுக்க வந்த, கிறிஸ்தவனாகிவிட்ட என்னை, "வேதக்காரன் தொடாதை!" என்று ஊர் பார்க்க நீ தள்ளிவிட்டது பிழை. இன்றும் பிழைதான்.

பிறர் குற்றத்தைப் பொறுக்கிறோம் என்று செபத்தில் வரும் வரியை அன்றிலிருந்து ஒன்பது வருடமாக நான் சொல்வதில்லை. ஆண்டவரிடம் பொய் சொல்லக்கூடாது அல்லவா? இன்று தேவாலயத்தில் பக்கத்தில் நின்ற உன் அண்ணி கண்டுபிடித்துவிட்டாள்.

"சண்டைக்குப் பயந்து அரியாலையை விட்டு ஓடிவந்த தம்பி பள்ளிக்கூட விறாந்தையிலை கிடக்கிறார். நீங்கள் இங்கை வாயைப் பொத்திக்கொண்டு நிக்கிறியள்!"

நீ மன்னிப்புக் கேட்காதே. கேட்டால் என் கோபம் திரும்பி வரும். எனக்குக் கிடைத்த கிருபையும் நான் கேட்டு வந்ததல்ல.

நாளைக்கே பிள்ளைகளோடு வா. உன் மனைவிக்கு மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் படாத தனி அடுப்பை அண்ணி வைப்பாள். உன் பிள்ளையார் படத்தை நீ கொண்டு வா. முன்னறைச் சுவரில் ஆணி நான் அடிக்கிறேன்.

உன் அண்ணன்